முதல் துளி

தொலைக்காட்சிப் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறோம். படம் இல்லை, ஒலி இல்லை, முகப்பில் எரிய வேண்டிய சிறு சிவப்பு விளக்கும் இல்லை. உடனே நம் வாயில் வருகிற சொல், "செத்துப்போச்சு" என்பதுதான். பழுது பார்ப்பவர்களின் கடைமொழியிலும் அதற்கு 'டெட்' என்றே பெயர். படம் ஆடுகிற பெட்டிக்கும், ஒலி மட்டும் வருகிற பெட்டிக்கும், நிறம் மாறித் தெரிகிற பெட்டிக்கும் தனித்தனியே நோயின் பெயர்கள் உண்டு. ஒன்றுமே காட்டாத பெட்டிக்கு மட்டும் சாவின் பெயரைச் சூட்டிவிடுகிறோம். அந்தப் பெயர் எவ்வளவு அவசரமானது என்பதைத் திருப்பத்தூரில் ஒரு சிறிய கடையின் மரப்பலகையில் அமர்ந்து நான் அறிந்துகொண்டேன். அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தொலைக்காட்சி நம் வீடுகளுக்குள் வந்த கதை அவ்வளவு நீண்டதன்று. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று டெல்லியில் அது தொடங்கியது. சென்னை நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. வண்ணம் வந்தது 1982இல். அதன் பின்னும் நெடுநாள் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் 'பெட்டி' என்றால், ஊராட்சி மன்ற அறையில் இருந்த பெட்டி, அல்லது வசதியுள்ள ஒரு வீட்டுக் கூடத்தில் இருந்த பெட்டி என்றே பொருள். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஊரே திரண்டு உட்காரும். ஒருவர் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். கீழே இருந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுப்பார்கள்.

அந்தக் காட்சியை மாற்றியது 2006ஆம் ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் குடும்ப அட்டைதாரர்களுக்கு வழங்கப்பட்டன. அந்தத் திட்டம் தேவையா என்று அப்போது பலரும் வாதிட்டார்கள். வாதம் ஒரு பக்கம் இருக்க, வரிசையில் நின்று பெட்டியைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்த குடும்பங்களுக்கு அது முதல் பெட்டியாக இருந்தது. திருப்பத்தூர் அப்போது வேலூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமாக ஆனது 2019ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்றுதான்.

என் அத்தை வீட்டுக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. மாமா குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய், அரை நாள் வரிசையில் நின்று வாங்கிவந்தார். அத்தை அப்போது ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தார். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தைப் பிடித்து, இருட்டிய பின் திரும்புகிற வாழ்க்கை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரின் வாழ்க்கை இன்றும் அதுவே. இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் காலணிகளின் மேல்பாகத்தைத் தைத்தார். அவர் தைத்த காலணிகள் கப்பல் ஏறி எந்தெந்த நாட்டுக்கோ போயின.

மாமாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டுப் படுப்பார். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்ததும் அதைப் போட்டு, செய்தியை ஓடவிட்டு, "எழுந்திரும்மா, விடிஞ்சிருச்சு" என்று அத்தையை எழுப்புவார். அந்த வீட்டில் நாள் தொடங்குவது அப்படித்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமா இறந்தார். அதன்பின் அந்தச் சுவர் சுவிட்சை யாரும் அணைப்பதுமில்லை, போடுவதுமில்லை. அத்தை ரிமோட்டை அழுத்தினால் படம் வரும். மீண்டும் அழுத்தினால் போகும். அத்தையின் பேச்சும் அவ்வாறே ஆயிற்று. கேட்டால் பதில் வரும். தாமாக ஒரு சொல்லும் வராது. காலையில் எழுவதற்கு நேரமாகத் தொடங்கியது. ஒருவேளை சமைத்தால் இருவேளைக்கு வைத்துக்கொள்வார். பெங்களூரில் இருக்கும் மூத்த மகனும் ஓசூரில் இருக்கும் இளையவனும், "அம்மாவுக்கு வயசாயிருச்சு" என்று சொல்லிக்கொண்டார்கள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், பகலில் மின்சாரம் நின்று மாலையில் வந்தது. பெட்டி வரவில்லை. அக்கம்பக்கத்தார், மின்சாரம் திரும்பி வந்தபோது மிகுந்த அழுத்தத்தில் வந்து எரித்துவிட்டிருக்கும் என்றார்கள். மகன்கள் தொலைபேசியில், "பழசைத் தூக்கிப் போடும்மா. முப்பத்திரண்டு அங்குலத்தில் புதுசு அனுப்புகிறோம்" என்றார்கள். அத்தை, "வேண்டாம், இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த 'இருக்கட்டும்' எதைக் குறித்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் நான் போயிருந்தபோது, பெட்டியை ஆட்டோவில் ஏற்றித் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனோம். அத்தை தாமும் வருவேன் என்று கிளம்பியது எனக்கு வியப்பாக இருந்தது.

பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு சந்தில் அந்தக் கடை. பத்தடிக்கு எட்டடி இருக்கும். சுவர் முழுவதும் திறந்த பெட்டிகள். கூரையிலிருந்து தொங்கும் பழைய சர்க்யூட் பலகைகள். ஈயமும் ரோசினும் உருகிய மணம். கடைக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். சிறுவனாக ரேடியோ கடையில் தொழில் பழகியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாய்'.

"பாய், இது தேறுமா?" என்று கேட்டேன்.

"பாக்காம எப்படிச் சொல்றது? எதுவரைக்கும் வந்து நிக்குதுன்னு மொதல்ல பாப்போம்" என்றார்.

'எதுவரை வந்து நிற்கிறது?' இந்தக் கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. நாங்கள் பெட்டி செத்ததா பிழைத்ததா என்று கேட்டோம். அவரோ, மின்சாரம் எந்த இடம் வரை வந்து அதற்கு மேல் போக முடியாமல் நிற்கிறது என்று கேட்டார்.

அவர் முதலில் பார்த்தது பெட்டியின் உட்புறத்தை அன்று, மின்கம்பியை. பிளக்கின் முனை, கம்பி மடங்கும் இடம், அழுத்து பொத்தான் ஆகியவற்றைச் சோதித்தார். பழுதென்று வரும் பெட்டிகளில் சில, பிளக்கோடும் பொத்தானோடுமே சரியாகித் திரும்பிப் போவதுண்டு என்றார். பின்னர் பின்மூடியைக் கழற்றினார். பல ஆண்டுத் தூசி, எறும்புக் கூடு, காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பல்லி. ஒரு தூரிகையால் பொறுமையாகத் துடைத்தார். துடைக்காமல் அளந்தால் அளவு பொய் சொல்லும் என்பது அவர் கணக்கு.

அடுத்தது ஃபியூஸ். விரல்நகம் நீளமுள்ள கண்ணாடிக் குழாய். அதனுள்ளே ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் அளவை மீறினால் அந்தக் கம்பி தான் உருகிப் பாதையைத் துண்டித்துவிடும். கண்ணாடி கறுத்திருந்தால் உள்ளே பெரிய ஷார்ட் என்று பொருள். கறுக்காமல் கம்பி மட்டும் அறுந்திருந்தால் சிறு மிகையோ, வயதோ காரணமாகலாம். போன ஃபியூஸை மாற்றிவிட்டு, அது ஏன் போனது என்று கேளாமல் விடுவது ஆபத்து. அதற்குப் பதில் செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. குறைந்த செலவில் முடிய வேண்டிய பழுது, நெருப்பில் முடிந்துவிடும். எங்கள் பெட்டியில் ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. அப்படியானால் மின்சாரம் மிகுந்து வந்து எரித்தது என்ற அக்கம்பக்கத்தார் கூற்று பொருந்தவில்லை.

பிறகு சீரிஸ் விளக்கு. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை இடையில் மாட்டி, அதன் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் தருவார்கள். இது நம் ஊர்க் கடைகளின் பழம்பெரும் கருவி. பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் பெட்டிக்குள் ஷார்ட். பல்பு தன்மேல் தாங்கிக்கொண்டு பெட்டியைக் காப்பாற்றுகிறது. ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் உள்ளே மின்சாரம் ஒழுங்காக ஏறியிருக்கிறது. எரியவே இல்லையென்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. எங்கள் பெட்டிக்கு அது ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தது. பாய் தலையை அசைத்தார். "சாகலைங்க. வாசல் வரைக்கும் வந்திருக்கு" என்றார்.

இவ்விடத்தில் பெட்டியின் உள்ளமைப்பைச் சிறிது விளக்குவது நலம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் நேரே திரைக்குப் போய்விடுவதில்லை. முதலில் நான்கு டையோடுகள் அதை ஒரே திசையில் ஓடச் செய்கின்றன. பின்னர் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பெரிய கெப்பாசிட்டர் அதைத் தேக்கி வைக்கிறது. அங்கே அளந்தால் ஏறத்தாழ 320 வோல்ட் காட்டும். அதற்கப்பால் ஒரு டிரான்சிஸ்டர், விநாடிக்குப் பல்லாயிரம் முறை அந்த மின்சாரத்தை வெட்டி வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்பார்மருக்கு அனுப்புகிறது. அந்த டிரான்ஸ்பார்மர்தான் படத்துக்கு ஓர் அளவு, ஒலிக்கு ஓர் அளவு, ரிமோட் பகுதிக்கு ஓர் அளவு என்று பங்கிட்டுத் தருகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டி அனுப்பும் வேலையை நடத்துகிற பகுதிக்கும் சிறிதளவு மின்சாரம் வேண்டும். அதைத் தருவது அந்த டிரான்ஸ்பார்மரேதான். டிரான்ஸ்பார்மர் இயங்கினால்தான் அந்தப் பகுதி இயங்கும். அந்தப் பகுதி இயங்கினால்தான் டிரான்ஸ்பார்மர் இயங்கும். அப்படியானால் முதலில் தொடங்குவது யார்?

கிராமத்தில் அடிகுழாயோடு பழகியவர்களுக்கு இதன் விடை தெரியும். குழாயில் நீர் ஏறாதபோது, மேலே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அடிப்போம். அந்த ஒரு செம்பு, ஆழத்திலிருக்கும் நீரை மேலே அழைத்து வந்துவிடும். பிறகு அந்தச் செம்பு தேவைப்படாது. பெட்டிக்குள் அந்தச் செம்புத் தண்ணீராக இருப்பது ஒரு சிறிய ரெசிஸ்டர். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது. விலை ஓரிரு ரூபாய். பெரிய கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் 320 வோல்ட்டிலிருந்து அது ஒரு துளியைக் கசியவிடுகிறது. அந்த முதல் துளியால் வேலை தொடங்குகிறது. தொடங்கிய பின் பெட்டி தன்னைத்தானே நடத்திக்கொள்கிறது.

எங்கள் பெட்டியில் போயிருந்தது அந்த ரெசிஸ்டர்.

மற்ற எல்லாம் நன்றாக இருந்தன. பெரிய கெப்பாசிட்டரில் முழு மின்சாரமும் வந்து நின்றது. படக்குழாய் நன்றாக இருந்தது. வெட்டி அனுப்பும் டிரான்சிஸ்டரும் நன்றாகவே இருந்தது. தொடங்கிவைப்பதற்குத்தான் ஆள் இல்லை. அது எப்போது போயிற்று என்பதும் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதும், சிவப்பு விளக்கோடு காத்திருக்கும்போதும் அந்த ரெசிஸ்டரின் தேவை இல்லை. முழுவதும் நின்று மறுபடி தொடங்க வேண்டிய நேரத்தில்தான் அது வேண்டும். அத்தை சுவர் சுவிட்சை அணைக்காததால், மின்சாரம் ஊரில் நின்று வருகிற நாள்களில் மட்டுமே அதற்குச் சோதனை. அந்த ஆடி மாத நாளில் சோதனை வந்தது, ரெசிஸ்டர் இல்லை.

பாய் அத்தையைப் பார்த்து, "அம்மா, கொஞ்ச நாளாவே கரண்ட் போய் வந்தா லேட்டா வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா தம்பி. மொதல்ல ஒரு நிமிஷம் ஆகும். அப்புறம் அஞ்சு நிமிஷம் ஆச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல" என்றார் அத்தை.

அந்த ரெசிஸ்டர் ஒரே நாளில் போய்விடவில்லை. நாளுக்கு நாள் அதன் வழி குறுகி, துளி சிறுத்து, முடிவில் நின்றிருக்கிறது. தாமதம்தான் அது தந்த அறிகுறி. வீட்டில் அதைக் கண்டது அத்தை ஒருவரே. கேட்டதோ கடைக்காரர் ஒருவரே.

நான் கையை நீட்டி எதையோ காட்டப் போனபோது பாய் என்னைத் தடுத்தார். இந்தப் பழுதில் ஓர் ஆபத்து உண்டு என்றார். ஓடுகிற பெட்டியை நிறுத்தினால் தேங்கிய மின்சாரம் செலவழிந்து வடிந்துவிடும். தொடங்கவே இயலாத பெட்டியில் அதைச் செலவழிக்க யாருமில்லை. எனவே பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த 320 வோல்ட் நெடுநேரம் அப்படியே நிற்கும். செத்துவிட்டது என்று எண்ணித் தொடுகிறவரை அது உதறித் தள்ளிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். படக்குழாய்க்குச் செல்லும் தடித்த கம்பியில், பெட்டி ஓடுகையில் இருக்கும் அழுத்தமோ இருபதாயிரம் வோல்ட்டையும் தாண்டும். அவர் ஒரு பல்பின் இரு முனைகளைக் கெப்பாசிட்டரில் வைத்தார். அது ஒரு நொடி ஒளிர்ந்து அணைந்தது. அதன் பிறகே விரலை உள்ளே விட்டார். பயிற்சி இல்லாதவர்கள் வீட்டில் பின்மூடியைத் திறக்கவே கூடாது என்று அவர் சொன்னதை இங்கு வலியுறுத்தி எழுதுகிறேன்.

அத்தை அருகில் வந்து நின்று, அவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் எதையும் உடனே கழற்றவில்லை. ஒவ்வொன்றையும் பலகையிலேயே வைத்து அளந்து, சந்தேகம் உறுதியான பின்தான் சூடான சால்டரிங் அயனை எடுத்தார். ஏன் என்று அத்தை கேட்டார். மாதக்கணக்கில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அது என்று எனக்குத் தோன்றியது.

"அடிக்கடி சூடு வச்சா பலகையில ஒட்டியிருக்கிற செம்பு உரிஞ்சு வந்துரும்மா. அப்புறம் நல்ல பார்ட்ஸ் போட்டாலும் நிக்காது."

"எங்க வேலையும் அப்படித்தான் தம்பி" என்றார் அத்தை. "துணியில தப்பா தச்சா பிரிச்சிரலாம், ஓட்டை மூடிக்கும். தோலுல ஊசி குத்துன ஓட்டை மூடாது. அதனால குத்துறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும்."

இருவரும் பேசத் தொடங்கினார்கள். எந்தத் தோல் எவ்வளவு மென்மை, எந்த ஊசிக்கு எந்த நூல் என்றெல்லாம் அத்தை சொல்ல, பாய் வேலையினூடே கேட்டுக்கொண்டிருந்தார். தோல் தொழிலின் நிலத்தில் பிறந்த இருவர், தத்தம் கைத்தொழிலின் ஒழுக்கத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை நான் மௌனமாகக் கேட்டேன். மீட்க முடியாத துளையைப் போடுமுன் நின்று பார்க்க வேண்டும் என்பது அவ்விருவருக்கும் பொதுவான பாடம்.

பழுதான ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, அதே மதிப்புள்ள ஒன்றைப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பாதி மதிப்புள்ள இரண்டை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்தார். காரணம் கேட்டபோது, "ஒரே ஆளு மேல அவ்வளவு வோல்ட்டும் உக்காந்திருந்துச்சு. அதான் போச்சு. ரெண்டு பேர் இருந்தா ஆளுக்குப் பாதி" என்றார். ஓடாத நேரமாயினும் ஓடுகிற நேரமாயினும் அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ முழு அழுத்தமும் இருக்கும். வேலை ஒரு கணமே, தாங்குவதோ எந்நேரமும். பக்கத்திலிருந்த ஒரு சிறு கெப்பாசிட்டரும் வெப்பத்தில் காய்ந்து போயிருந்ததால் அதையும் மாற்றினார். அதுவும் காய்ந்தால் முதல் துளியைப் பிடித்து வைக்கப் பாத்திரம் இருக்காதாம்.

சீரிஸ் விளக்கு பளிச்சிட்டு மங்கியது. பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் திரை வெளுத்து, மெல்ல ஒளி பரவியது. எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். எடுத்த ரெசிஸ்டரை அத்தை கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

அன்று மாலை திரும்புகையில் ஆட்டோவில் அத்தை சொன்னார்: "உங்க மாமா போன பெறகு எனக்கு எதுவும் முடியாம போகல. ஆரம்பிக்கத்தான் முடியல." அவ்வளவுதான் சொன்னார். இரவு நான் மகன்கள் இருவரிடமும் தொலைபேசியில் பேசினேன். புதிய பெட்டி பற்றி அன்று. காலை ஐந்து மணி பற்றி. மூத்தவன் அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் தாயை அழைத்து, "எழுந்திரும்மா" என்கிறான். எதிர்வீட்டுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி காலையில் பூப்பறிக்க வரும்போது, உள்ளே வந்து சுவர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போகிறாள். ஒருவர் செய்துவந்ததை இப்போது இருவர் செய்கிறார்கள். அத்தை இன்னும் மாமாவை நினைத்து அழுவதுண்டு. ஆனால் அடுப்பு காலையிலேயே எரிகிறது.

பழைய பெட்டிக்குத்தான் இது பொருந்தும், இன்றைய தட்டைத் திரைக்குப் பொருந்தாது என்று சிலர் கூறலாம். உண்மை அப்படியன்று. இன்றைய எல்.இ.டி. பெட்டியிலும் சுவர் மின்சாரத்தைத் தேக்கி, வெட்டி, பங்கிடும் பகுதி உண்டு. அது தொடங்கவும் ஒரு முதல் துளி வேண்டும். பலவற்றில் அந்த ஏற்பாடு ஒரு சிப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மேல்புறம் உப்பிய ஒரு கெப்பாசிட்டர் பெட்டி முழுவதையும் நிறுத்திவிடுவதும் உண்டு. ஒலி வந்து திரை இருண்டிருந்தால், இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கைத் திரையருகே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உள்ளே படம் மங்கலாக அசைவதைக் காணக்கூடும். படம் இருக்கிறது, அதைக் காட்டும் பின்விளக்குத்தான் போயிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

மாறியிருப்பது நம் மனநிலை. பழுதான பகுதியைத் தேடுவதற்குப் பதில் பலகையையே மாற்றுகிறோம். பலகை கிடைக்காவிட்டால் பெட்டியையே மாற்றுகிறோம். காலணியிலும் இதே மாற்றம் வந்துவிட்டது. அடித்தோலைத் தைத்து இணைத்த காலணியைப் பிரித்து மறுபடி அடித்தோல் போடலாம். பசையிட்டு ஒட்டியதை அவ்வாறு செய்வது அரிது. பிரிக்கக்கூடியதாகச் செய்வதா, எறியக்கூடியதாகச் செய்வதா என்பது செய்கிற இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. எறிந்த பின்னும் அது மறைவதில்லை. பழைய படக்குழாயின் கண்ணாடியில் கணிசமான ஈயம் கலந்திருக்கிறது. உடைத்துக் குப்பையில் கொட்டினால் அது மண்ணையும் நீரையும் சேரும். தோல் பதனிடும் கழிவால் பாலாறும் அதன் கிணறுகளும் பட்ட பாட்டைக் கண்ட நமக்கு, இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மின்னணுக் கழிவுக்கென்று 2022இல் வகுக்கப்பட்ட புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளத்தையும் தொடங்கியது. இவை நல்ல தொடக்கங்கள். ஆயினும் சந்தில் இருக்கும் அந்தப் பத்தடிக் கடைகள் மூடப்பட்டால், உரிமை இருந்தும் பழுது பார்க்க ஆள் இருக்கமாட்டார்.

எனவே ஒரு பொருளைத் தூக்கி எறியுமுன் ஒரு முறையேனும் அத்தகைய கடையின் படி ஏறுவோம். அங்கே உங்கள் பெட்டி தேறாமலும் போகலாம். படக்குழாய் உண்மையிலேயே போயிருந்தால் பாய் தயங்காமல் அதைச் சொல்லிவிடுவார். அளந்து பார்த்துச் சொல்கிற அந்தத் தீர்ப்புக்கும், வாசலில் நின்றபடி நாம் சொல்கிற 'செத்துப்போச்சு'க்கும் வேறுபாடு உண்டு.

மனிதர்களைப் பற்றியும் நாம் இப்படி வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பேசாமல் போன தந்தையை 'வயதாகிவிட்டது' என்கிறோம். படிப்பில் நின்றுபோன பிள்ளையை 'அவனுக்கு ஏறாது' என்கிறோம். மனத்தாங்கலால் பிரிந்த உறவை 'அது முடிந்த கதை' என்கிறோம். உள்ளே முழு ஆற்றலும் வந்து தேங்கி நிற்கலாம். அது வெளியேற வழியின்றி இருப்பதாலேயே தொட்டவுடன் சினமாகப் பாயவும் செய்யலாம். காணாமற் போயிருப்பது, விடியலில் எழுப்புகிற ஒரு குரலாகவோ, சண்டைக்குப் பின் முதலில் பேசுகிற ஒரு வாயாகவோ இருக்கக்கூடும். வீடு ஓடிக்கொண்டிருக்கும்வரை அத்தகையவரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் மேல் எந்நேரமும் எவ்வளவு அழுத்தம் இருந்தது என்பதையும் எண்ணுவதில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி நின்றுபோன ஒருவர் இருந்தால், 'எதுவரை வந்து நிற்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வராது. ஆனால் கேட்ட பின்னர் செய்ய வேண்டியது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: காலையில் ஓர் அழைப்பு, ஒரு கோப்பைக் காப்பி, வாசலில் நின்று ஒரு நலவிசாரிப்பு. அதை ஒருவர் தலையிலேயே சுமத்திவிடாமல், இருவராகப் பகிர்ந்துகொண்டு செய்தால் நெடுநாள் நிற்கும்.